குளிர்காலச் சமையலும் அன்றாட உடைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர் தொடங்கியதும் எழும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டே: அடுப்பில் என்ன வைப்பது, உடம்பில் என்ன போட்டுக்கொள்வது. இரண்டுக்குமான பதில்கள் கீழே கேள்வி-பதிலாகத் தொகுக்கப்பட்டுள்ளன.

சமையலையும் உடையையும் ஏன் சேர்த்துப் பேச வேண்டும்?

இரண்டும் ஒரே வீட்டில், ஒரே ஆளுக்கு, ஒரே மாலைப்பொழுதில் நடப்பவை என்பதால்தான். குளிர்நாளில் மற்ற அறைகள் சில்லென்று இருக்கும்போதே சமையலறை சூடேறிவிடுகிறது. அங்கே இரண்டு மணி நேரம் நிற்பவருக்கு ஏற்ற உடை, அடுத்த அறையில் அசையாமல் உட்கார்ந்து படிப்பவருக்கு ஏற்ற உடையன்று. எண்ணெய் தெறிப்பதும் வெங்காய வாசனை ஏறுவதும் சட்டைக் கை தீயின் அருகே போவதும் அந்த உடையில்தான் நடக்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு துறைகளிலும் நாம் செய்யும் தவறு ஒன்றே: வாழாத வாழ்க்கைக்காகப் பொருள் வாங்குகிறோம். இருபது பேர் விருந்துக்கென்று வாங்கிய பாத்திரம் பரணிலும், போகாத பயணத்துக்கென்று வாங்கிய கோட்டு அலமாரியிலும் கிடக்கின்றன. செவ்வாய்க்கிழமை மாலை வேலை முடிந்து களைத்து வரும்போது கைக்கு எட்டும் பாத்திரமும் இல்லை, உடுத்திக்கொள்ள வசதியான சட்டையும் இல்லை. இங்குள்ள பதில்கள் அந்தச் செவ்வாய்க்கிழமையை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

குளிருக்கு ஏற்ற சமையல் என்றால் கொழுப்பு நிறைந்த சமையல் என்று பொருளா?

இல்லை. குளிர்காலச் சமையலை வேறுபடுத்திக் காட்டுவது கொழுப்பு அன்று, நேரம். வெயில் நாளில் அடுப்பு மூன்று மணி நேரம் எரிந்தால் அது தண்டனை, குளிர்நாளில் அதுவே வரவு. ஆகவே நீண்ட நேரம் தீயைத் தாங்கி, தாங்கத் தாங்கச் சுவை கூடும் பொருள்களைத் தேர்ந்தெடுப்பதுதான் சூட்சுமம். கிழங்குகள், பூசணி, முட்டைக்கோஸ், உலர்ந்த பயறுகள், உடைக்காத தானியங்கள், எலும்போடு கூடிய இறைச்சி ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை.

இறைச்சியில் இது மிகத் தெளிவாகத் தெரியும். விலங்கு நடக்கவும் தலையைத் தாங்கவும் ஓயாமல் உழைத்த கால், தோள், கழுத்துப் பகுதிகளில் கொலாஜன் என்னும் இணைப்புப் புரதம் மிகுந்திருக்கும். அவசரமாக வறுத்தால் அது செருப்புத் தோல் போல இருக்கும். ஆனால் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிய ஈரச் சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் இருந்தால் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. உதட்டில் லேசாக ஒட்டும் அந்தச் சாற்றின் வழவழப்பு ஜெலட்டினால் வருவதுதான்; மறுநாள் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது சாறு களிபோல் தளதளவென்று உறைந்திருந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று அறியலாம். தீயை அதிகமாக்கினால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். ஆனால் தளதளவென்று கொதிக்கவிட்டால் தசை நார்கள் இறுகி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து தள்ளிவிடும். இறைச்சி நார்நாராக வறண்டுபோக, கொழுப்பு சாற்றோடு கலந்து கலங்கலாகிவிடும். மேற்பரப்பில் விநாடிக்கு ஒன்றிரண்டு குமிழிகள் மட்டும் எழும் அளவுக்குத் தீ இருந்தால் போதும்.

காய்கறிகளுக்கு இந்தப் பொறுமை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. கேரட்டும் டர்னிப்பும் ஒரு மணி நேரம் தாங்கும். பட்டாணியும் கீரையும் கடைசி ஐந்து நிமிடத்துக்கு உரியவை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டு மூடிவிட்டு, பச்சை நிறமெல்லாம் காக்கியாகிவிட்டது என்று வருந்துவதில் பயனில்லை.

நான் வைக்கும் சூப் எப்போதும் சப்பென்று, வெறும் வெந்நீர் போல இருக்கிறது. எங்கே தவறு?

பெரும்பாலும் தவறு தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. தண்ணீர் இருக்கும் வரை பாத்திரத்தின் உள்ளே வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. வறுத்த வாசனையையும் பழுப்பு நிறத்தையும் தரும் வினைகளோ ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல்தான் வேகம் பிடிக்கின்றன. 1912-ஆம் ஆண்டு இவற்றை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மையார் பெயராலேயே இவை அழைக்கப்படுகின்றன. எனவே வெங்காயமும் காய்களும் இறைச்சியும் முதலில் எண்ணெயில் நன்றாகச் சிவந்தாக வேண்டும். தண்ணீர் அதன் பிறகு.

வெங்காயத்தைக் கொண்டே பார்க்கலாம். மெல்லியதாக நறுக்கிய வெங்காயத்தை அடி கனத்த பாத்திரத்தில், மிதமான தீயில், ஒரு சிட்டிகை உப்போடு போடுகிறோம். முதல் பத்து நிமிடம் அது வதங்குவதில்லை, வியர்க்கிறது. சளசளவென்ற ஈரச் சத்தம் கேட்கும். இருபது நிமிடத்தில் நீர் வற்றி, சத்தம் மெலிந்து சடசடப்பாக மாறும். அந்த மாற்றம் காதில் விழுந்த பிறகுதான் நிறம் பிடிக்கத் தொடங்குகிறது. பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஒட்டுவதைக் கண்டு பதற வேண்டாம். ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுச் சுரண்டினால் அது முழுவதும் வெங்காயத்தோடு சேர்ந்துவிடும். இப்படி மூன்று நான்கு முறை செய்தால், சுமார் 40 நிமிடத்தில் பாத்திரம் நிறைய இருந்த வெங்காயம் ஒரு கைப்பிடி அளவு இனிப்பான பழுப்பு விழுதாகியிருக்கும். ஐந்தே நிமிடத்தில் வெங்காயம் பொன்னிறமாகும் என்று எழுதும் செய்முறைகளை நான் நம்புவதில்லை. பாத்திரத்தை நிரப்பித் திணிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்: நெருக்கினால் நீராவி வெளியேற வழியின்றி, எல்லாம் வறுபடுவதற்குப் பதிலாக அவிந்துபோகும்.

அடுத்தது, கறிச்சுவை போன்ற ஆழத்தைத் தரும் குளூட்டமேட் என்னும் பொருள். கடற்பாசியிலிருந்து இதைப் பிரித்தெடுத்து, இதன் சுவைக்கு உமாமி என்று 1908-இல் பெயர் சூட்டியவர் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா. உலர்ந்த காளான், நன்கு பழுத்த தக்காளி, முதிர்ந்த பாலாடைக்கட்டி ஆகியவற்றில் இது இயல்பாகவே மிகுதி. கறிச்சுவை வேண்டும் ஆனால் கறி வேண்டாம் என்பவர்கள் நான்கைந்து உலர்ந்த காளான்களை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரை மண் தங்காமல் வடிகட்டிச் சேர்க்கலாம்.

கெட்டியாக்குவதற்கு மாவைத் தேட வேண்டியதில்லை. வெந்த உருளைக்கிழங்கிலோ பயறிலோ மூன்றில் ஒரு பங்கை எடுத்து மசித்து மீண்டும் அதிலேயே கலந்தால் போதும். இவ்வளவும் செய்த பிறகும் ஏதோ குறைகிறது என்று தோன்றினால், உப்புக்குக் கை நீளும் முன் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். பத்தில் எட்டு முறை குறைந்திருந்தது புளிப்புத்தான்.

உலர்ந்த பீன்ஸ் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் மெத்தென்று ஆகவில்லையே?

பழைய சரக்காக இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கிடந்த பயறு எத்தனை கொதி வந்தாலும் இளகாது. தக்காளியையோ எலுமிச்சையையோ முன்கூட்டியே சேர்த்திருக்கலாம். புளிப்பு இருக்கும் வரை பயற்றின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் கரைய மறுக்கும். அல்லது உங்கள் தண்ணீர் கடினநீராக இருக்கலாம். அதிலுள்ள கால்சியம் அதே பெக்டினை இன்னும் இறுக்கிவிடும். ஊறவைக்கும் நீரில் உப்புப் போட்டால் பயறு வேகாது என்பது பரவலான நம்பிக்கை. உண்மை நேர்மாறானது: உப்பிலுள்ள சோடியம் தோலிலுள்ள கால்சியத்தின் இடத்தைப் பிடித்துத் தோலை மென்மையாக்குகிறது. மலைப்பகுதியில் வாழ்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் நீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறைவதால், 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பிரஷர் குக்கர் இல்லாமல் பயறு வேகவைப்பது வீம்பு.

சிவப்பு பீன்ஸ், அதாவது ராஜ்மா சமைப்பவர்கள் மட்டும் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். பச்சையான ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்னும் நச்சுப் பொருள், நாலைந்து பருப்பு அளவிலேயே கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் வரவழைக்கக்கூடியது. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 30 நிமிடம் முழுக் கொதியில் வைத்தால் அது அழிந்துவிடும். ஊறவைத்த ராஜ்மாவை மின்சார ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடுவது ஆபத்தானது. அந்தக் குறைந்த சூட்டில் நச்சு அழிவதில்லை.

இவ்வளவு நேரம் அடுப்பருகே நிற்க வார நாளில் முடியாதே?

நிற்க வேண்டியதில்லை. சிவக்க வைக்கும் கட்டம் ஒன்றுக்குத்தான் ஆள் தேவை. அதன் பிறகு பாத்திரம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். அதற்கும் பொழுதில்லை என்றால் பிரஷர் குக்கர் இருக்கிறது. எலும்பையும் மென்மையாக்கும் நீராவிப் பாத்திரத்தை டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் 1679-லேயே உருவாக்கிவிட்டார். அழுத்தத்தில் நீர் சுமார் 120 டிகிரி வரை சூடேறுவதால் மூன்று மணி நேர வேலை 45 நிமிடத்தில் முடிகிறது. சிவக்க வைப்பதைக் குக்கரின் அடியிலேயே செய்துவிட்டு மூடினால் சுவையிலும் பெரிய இழப்பில்லை.

பாத்திரம் ஒன்று வாங்குவதானால், நாலைந்து லிட்டர் கொள்ளும், அடி கனத்த, மூடி இறுக்கமாக அமரும் ஒன்றை வாங்குங்கள். வார்ப்பிரும்பு மெதுவாகச் சூடேறினாலும் சூட்டை நெடுநேரம் விடாது. கனத்த அலுமினியம் சூட்டைச் சீராகப் பரப்பும். இரண்டும் நன்று.

வெளியே குளிராகத்தானே இருக்கிறது, மீந்த சூப்பை இரவு முழுவதும் அடுப்பிலேயே விட்டுவைக்கலாமா?

கூடாது. வெளியே குளிராக இருந்தாலும் சமையலறை குளிர்சாதனப் பெட்டியாகிவிடாது. ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகும். ஐந்து லிட்டர் கெட்டியான சூப் அந்த இடைவெளியைக் கடந்து குளிர இரவு முழுவதும் ஆகலாம். சிலவகைப் பாக்டீரியாக்களின் வித்துகள் கொதியையும் தாங்கிப் பிழைத்துக்கொள்கின்றன. மீந்த சோற்றில் வளரும் ஒரு வகை உண்டாக்கும் நச்சோ, மறுநாள் எவ்வளவு சூடாக்கினாலும் அழிவதில்லை. இரண்டு மணி நேரத்துக்குள், இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் போகாமல் அகலமான பாத்திரங்களில் பிரித்து, குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. அதற்கு மேல் என்றால் உறைநிலைப் பெட்டிதான்.

காரமும் மதுவும் உடம்புக்குச் சூடு தருமா?

சூடு போன்ற உணர்வைத் தரும். மிளகாயிலுள்ள கேப்சைசின், சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட உண்மையான வெப்பத்தை உணரும் அதே நரம்பு ஏற்பியைத் தூண்டுகிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஏமாந்த உடல் வியர்க்கத் தொடங்கி, தன்னைக் குளிர்விக்கவே முயல்கிறது. மது இன்னும் மோசம்: தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியே அனுப்பிவிடும்.

அடுப்பை எரியவிட்டே அறையைச் சூடாக்கிக்கொள்ளலாமா?

சமைக்கும்போது தானாகக் கிடைக்கும் சூட்டை அனுபவியுங்கள். சூட்டுக்காக மட்டும் எரிவாயு அடுப்பை எரிக்காதீர்கள். கரி அடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுவரவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் தூக்கமும் வருவதாகத் தோன்றும்போதே எழுந்து ஜன்னலைத் திறக்கும் தெம்பு போயிருக்கும்.

உடைகளுக்கு வருவோம். எனக்கென்று ஓர் எளிய உடைத் தொகுப்பை அமைக்க எங்கிருந்து தொடங்குவது?

துவைக்கப் போடும் கூடையிலிருந்து. அலமாரி உங்கள் ஆசைகளைச் சொல்லும். அழுக்குக் கூடை உங்கள் வாழ்க்கையைச் சொல்லும். இரண்டு வாரம் எதையும் வாங்காமல், கூடையில் விழும் உடைகளை மட்டும் கவனியுங்கள். முப்பது சட்டை வைத்திருப்பவரின் கூடையிலும் ஏழெட்டுச் சட்டைகளே திரும்பத் திரும்ப விழுவதைக் காணலாம். அவற்றை ஒன்றாக எடுத்துக் கட்டிலில் பரப்பி, அவற்றுக்குள் என்ன பொது என்று பாருங்கள். கழுத்து அமைப்பா, தோள் தளர்வா, துணியின் கனமா, நிறமா? நான் அப்படிப் பரப்பிப் பார்த்தபோது, நான் விரும்பி உடுத்திய அத்தனை சட்டைகளுக்கும் நெஞ்சருகே பை இருந்தது என்பதே எனக்குத் தெரிய வந்தது. கண்ணாடியை வைக்க இடமில்லாத சட்டையை நான் உடுத்துவதே இல்லை. அதை அறியாமல் பல ஆண்டுகள் அப்படிப்பட்ட சட்டைகளை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

குறைவான உடைகளை ஒன்றோடொன்று பொருந்துமாறு தேர்ந்தெடுக்கும் எண்ணம் புதியதன்று. லண்டனில் உடைக்கடை நடத்திய சூசி ஃபோ (Susie Faux) 1970-களில் இதைப் பரப்பினார். அமெரிக்க வடிவமைப்பாளர் டோனா கரன் 1985-இல் ஏழே உடைகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். ஆனால் அவை அலுவலகத்தை மனத்தில் வைத்து எழுந்தவை. வீட்டுக்கும் நடைக்கும் கடைத்தெருவுக்குமான சாதாரண உடைக்கு அவர்களுடைய பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்வது, பிறர் பாதத்துக்குத் தைத்த செருப்பை வாங்குவது போன்றது.

எத்தனை உடைகள் போதும்?

எண்ணிக்கையைத் தீர்மானிப்பது அழகியல் அன்று, துவைக்கும் இடைவெளி. வாரம் ஒருமுறை துவைப்பவருக்கு உடம்போடு ஒட்டும் உள்ளடுக்கு எட்டு வேண்டும். அதன் மேல் போடும் சட்டைகள் நாலைந்து, ஸ்வெட்டர் இரண்டு, காற்சட்டை மூன்று, வெளியே போட ஒரு கோட்டு. குளிரில் துணி காய இரண்டு நாள் ஆகும் வீடாக இருந்தால் உள்ளடுக்கில் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மேலுடையும் குறைந்தது இரண்டு காற்சட்டைகளோடு பொருந்துகிறதா என்பதே வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி.

தடித்த ஸ்வெட்டர் ஒன்று நல்லதா, மெல்லிய அடுக்குகள் பல நல்லதா?

அடுக்குகள்தான், இதை எண்களே காட்டுகின்றன. உடையின் வெப்பத் தடுப்பை அளக்க 1941-இல் க்ளோ என்னும் அலகு உருவாக்கப்பட்டது. 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு இதமாக இருக்கும் உடையின் அளவு ஒரு க்ளோ. கட்டட வெப்பநிலைக் கணக்குகளில் பயன்படும் பட்டியலின்படி, தடித்த முழுக்கை ஸ்வெட்டர் 0.36 க்ளோ, மெல்லிய முழுக்கை ஸ்வெட்டர் 0.25, சாதாரண முழுக்கைச் சட்டை 0.25. ஆக, சட்டைக்கு மேல் மெல்லிய ஸ்வெட்டர் போட்டால் ஏறக்குறைய 0.5 கிடைக்கிறது. அதே பட்டியலில் முழுக்கை ஃபிளானல் (பஞ்சுபோல் மேற்பரப்புள்ள துணி) சட்டை மட்டுமே 0.34, தடித்த ஸ்வெட்டருக்குக் கிட்டத்தட்ட இணை, பொத்தானைக் கழற்றினால் காற்றும் வரும்.

காரணம் எளிது. சூட்டைத் தடுப்பது துணியன்று, துணிக்குள்ளும் அடுக்குகளுக்கு இடையிலும் அசையாமல் நிற்கும் காற்று. நீர் அந்தக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். எனவேதான் வியர்வையில் நனைந்த உடை, உடையே இல்லாததைவிடச் சில நேரம் மோசமாகத் தோன்றுகிறது. அடுப்பருகே நிற்கும்போது ஒரு அடுக்கைக் கழற்றவும், சாப்பிட உட்காரும்போது மீண்டும் போட்டுக்கொள்ளவும் முடிவதே அடுக்கு முறையின் பெரிய பயன். அதற்கு முன்புறம் திறக்கும் உடைகள் ஏற்றவை. கையில் மாவோடு தலைவழியாக ஸ்வெட்டரைக் கழற்ற முயன்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலடுக்கு உள்ளடுக்கைவிட ஓரளவு தளர்வாக இருக்க வேண்டும். இறுக்கினால் இடையிலிருக்கும் காற்று போய்விடும்.

கம்பளி, பருத்தி, பாலியஸ்டர் மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

இடத்தைப் பொறுத்தது. சாதாரண ஈரப்பதத்திலேயே கம்பளி தன் உலர் எடையில் சுமார் 16 சதவீத நீரையும் பருத்தி சுமார் 8 சதவீத நீரையும் பிடித்துவைத்திருக்கும். பாலியஸ்டர் பிடிப்பது அரை சதவீதத்துக்கும் குறைவு. கம்பளி இன்னும் அதிகமாக, எடையில் 30 சதவீதம் வரை உறிஞ்சினாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அதன் சுருள் இழைகள் நனைந்தாலும் படிந்துவிடாமல் காற்றைத் தாங்கி நிற்கும். பருத்தி நனைந்தால் தோலோடு ஒட்டிக்கொண்டு, நெடுநேரம் காயாமல் சூட்டை உறிஞ்சும். வீட்டுக்குள் பருத்தி தாராளமாகப் போதும். குளிரில் வேகமாக நடந்து வியர்ப்பவருக்கு உள்ளடுக்கில் அது வேண்டாம்.

கம்பளி உடம்பைக் குத்துகிறது என்பவர்கள் அது ஒவ்வாமை என்று எண்ணிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது இழையின் தடிமன் மட்டுமே. 30 மைக்ரானை (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டிய இழைகள் வளையாமல் தோலைக் குத்தும். 20 மைக்ரானுக்குக் குறைந்த மெரினோ ஆட்டுக் கம்பளி வளைந்துகொடுக்கும். கடையில் உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை, அங்கே தோல் தடிப்பு; கழுத்தின் பக்கவாட்டிலோ முழங்கையின் உட்புறத்திலோ வைத்துப் பார்க்க வேண்டும். பாலியஸ்டர் ஃபிளீஸ் லேசானது, விரைவில் காயும், விலையும் குறைவு. ஆனால் எண்ணெய் நாற்றத்தைப் பிடித்துக்கொண்டால் விடாது. துவைக்கும்போதெல்லாம் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகளை நீரில் உதிர்க்கும்.

வாங்கும்போது நிறத்தைவிடத் தையலைப் பாருங்கள். ஜீன்ஸ் பைகளின் மூலைகளில் உலோக ஆணி அடிக்கும் முறைக்கு 1873-இல் காப்புரிமை பெறப்பட்டதே, உழைப்பாளிகளின் காற்சட்டைகள் எப்போதும் அந்த மூலைகளில் கிழிந்ததால்தான். இன்றும் உடை முதலில் விட்டுக்கொடுக்கும் இடங்கள் பை மூலை, அக்குள், முழங்கை, தொடையிடுக்கு ஆகியவையே. நிறத்தைப் பொறுத்தவரை, அடர்ந்த இரண்டு நிறங்களை அடித்தளமாக்கி, பிடித்த நிறம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் போதும். அதற்கு மேல் சட்டம் போட நான் விரும்பவில்லை.

சமைக்கும்போது எதை உடுத்துவது?

கை தொங்காத எதையும். தளர்ந்த கைகளும் தொங்கும் சால்வையும் பின்னடுப்பை எட்டும்போது முன்னடுப்பின் தீயில் படும். பருத்தி, குறிப்பாகப் பஞ்சுபோல் மேற்பரப்புள்ள ஃபிளானல், சட்டென்று பற்றிப் பரவும். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். கம்பளி எளிதில் பற்றாது, உருகாது, தீயை விலக்கினால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். ஆகவே மெல்லிய கம்பளி ஸ்வெட்டரின் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டு, மேலே கனத்த பருத்தி ஏப்ரன் கட்டிக்கொள்வதே என் பரிந்துரை.

வாசனை ஏறிய கம்பளியைத் துவைக்க ஓட வேண்டாம். இரவு முழுவதும் காற்றோட்டத்தில் பரப்பி வைத்தால் பெரும்பகுதி போய்விடும். எண்ணெய்க் கறைக்கு, தண்ணீர் படுவதற்கு முன்பே பாத்திரம் தேய்க்கும் திரவத்தை ஒரு துளி வைத்துத் தேய்த்துப் பத்து நிமிடம் விட வேண்டும். மஞ்சள் கறையில் சோப்புப் பட்டதும் அது சிவப்பாக மாறுவதைக் கண்டு பலர் துணி போயிற்று என்று எண்ணுகிறார்கள். காரத்தன்மையால் நிகழும் நிறமாற்றம் அது, அலசினால் திரும்பிவிடும். மிச்சமிருக்கும் மஞ்சளை வெயில் வெளுத்துவிடும்.

கம்பளி ஸ்வெட்டர் சுருங்கிவிட்டது. மீட்க முடியுமா?

லேசாகச் சுருங்கியிருந்தால், தலைக்குத் தேய்க்கும் கண்டிஷனர் கலந்த வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் உருட்டி நீரை எடுத்து, மெதுவாக இழுத்துப் பழைய அளவில் பரப்பிக் காயவைத்தால் ஓரளவு மீளும். இழைகள் கெட்டிப்பட்டுப் போர்வைத் துணிபோல் ஆகியிருந்தால் மீளாது. கம்பளி இழையின் மேலுள்ள செதில்கள் சூட்டிலும் அலைப்பிலும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்கின்றன, மாட்டியது பிரியாது. என்னுடைய சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்றை 60 டிகிரித் துவைப்பில் போட்டுவிட்டேன். ஐந்து வயதுக் குழந்தைக்கு அளவெடுத்துத் தைத்தது போல வெளிவந்தது. அதை வெட்டி இரண்டு பாத்திரப் பிடிதுணி தைத்துக்கொண்டேன். கெட்டிப்பட்ட கம்பளி சூட்டைத் தடுப்பதில் சிறந்தது என்பதால், அடுப்பிலிருந்து கனத்த பாத்திரத்தை இறக்க இன்றும் அதுதான் கைகொடுக்கிறது.

குளிர் முடிந்ததும் இவற்றை எப்படி எடுத்துவைப்பது?

துவைத்து, முழுக்கக் காயவைத்து, மடித்து. ஸ்வெட்டரைத் தொங்கவிட்டால் தன் கனத்தாலேயே தோளில் முண்டு விழுந்து நீண்டுவிடும். ஒருமுறைதானே உடுத்தினோம் என்று துவைக்காமல் வைப்பதுதான் பெரும்பாலான துளைகளுக்குக் காரணம். கம்பளியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி அன்று, அதன் புழு. வியர்வையும் உணவுத் துளியும் பட்ட இடங்களை அது தேடிப் போகும். கழுத்துப்பட்டையிலும் மார்புப் பகுதியிலும் துளைகள் அதிகம் விழுவது இதனால்தான். நாப்தலின் உருண்டைகள் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு உகந்தவை அல்ல. சந்தேகம் இருந்தால், காய்ந்த உடையைக் காற்றுப் புகாத பையில் இட்டு −18 டிகிரி உறைநிலைப் பெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் மடியும். குளிர்காலம் முடியும் நேரத்தில் சூப்பு டப்பாக்கள் காலியாகி, அந்தப் பெட்டியில் இடமும் கிடைத்திருக்கும்.